மாநகரின் தாகமும் மலைநாட்டின் நீரும்

2024ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் ஏரிகள் வற்றி, மும்பை மாநகராட்சி குடிநீர் விநியோகத்தில் நூற்றுக்குப் பத்துப் பங்கைக் குறைத்தது நம் குடியிருப்பினர் எவரும் மறந்திருக்க முடியாத செய்தியாகும். அந்நாட்களில் தண்ணீர் லாரி முதலில் எக்கட்டிடத்தின் முன் நிற்பது என்பது பற்றி நம்மவருக்குள்ளேயே மனவேறுபாடு தோன்றியது. ஒருநாள் மாலை வாதம் முற்றிக் குரல்கள் உயர்ந்துகொண்டிருந்த வேளையில், ஓய்வுபெற்ற கார்டு ஒருவர், நம் யாவருக்கும் மூத்தவர், நாற்காலியிலிருந்து எழாமலே ஒரு வினாவை எழுப்பினார். "சண்டை இருக்கட்டும் தம்பிகளே! இந்தத் தண்ணீர் எங்கேயிருந்து வருகிறது? யாருடைய தண்ணீர் இது? அதைச் சொல்லிவிட்டு அப்புறம் சண்டை போடுங்கள்" என்றார்.

விடை கூற ஒருவராலும் இயலவில்லை. 'தான்சா' என்றார் ஒருவர். 'வைதரணை' என்றார் மற்றொருவர். அவை எத்திசையில் உள்ளன என்பதைக் கூடச் சிலர் அறிந்திலர். தந்தையும் பாட்டனும் வந்து குடியேறிய காலந்தொட்டு இந்நகரின் நீரைப் பருகிவரும் நாம், அந்நீரின் வரலாற்றை அறியாதிருப்பது முறையன்று என்று அன்று உள்ளத்தில் பட்டது. அதன் பயனே இக்கட்டுரை. நாம் பள்ளி இறுதித் தேர்வோடு படிப்பை நிறுத்தி ரயில்வேயில் கணக்கெழுதப் புகுந்தோர். ஆதலின் புலமை காட்டப் புகாமல், வரவும் செலவும் பார்ப்பது போல் இவ்வரலாற்றைச் சொல்லிச் செல்கிறோம்.

குளங்களும் கிணறுகளும்

பம்பாய் ஆதியில் ஏழு தீவுகள். நாற்புறமும் கடல் சூழ்ந்திருந்தும் குடிக்க நல்ல நீர் அரிதாகவே இருந்தது. மழைக்காலம் நான்கு மாதங்கள் வானம் பொத்துக்கொண்டு கொட்டும். எஞ்சிய எட்டு மாதங்களும் குளங்களையும் கிணறுகளையும் நம்பியே மக்கள் வாழ்ந்தனர். அறச்சிந்தை மிக்க பார்சிச் செல்வர்களும் பிறரும் குளங்கள் வெட்டி வைத்தனர். அக்குளங்களிற் பல தூர்ந்து மறைந்துவிட்ட போதிலும் அவற்றின் பெயர்கள் மறையவில்லை. தோபி தலாவ், சி. பி. டேங்க், கோவாலியா டேங்க் என்று பஸ்ஸிலும் டாக்ஸியிலும் நாம் நாள்தோறும் சொல்லும் பெயர்கள் எல்லாம் ஒரு காலத்தில் மக்கள் குடம் தூக்கிச் சென்ற இடங்களே. 1942ஆம் ஆண்டு ஆகஸ்டில் 'வெள்ளையனே வெளியேறு' முழக்கம் எழுந்த கோவாலியா டேங்க் மைதானமும் குளத்தின் பெயரைத் தாங்கி நிற்பதன்றோ!

1853ஆம் ஆண்டு ஏப்ரல் 16ஆம் நாள் போரிபந்தரிலிருந்து தாணாவுக்கு நாட்டின் முதல் பயணிகள் வண்டி ஓடியதை நாம் பெருமையோடு நினைவுகூர்கிறோம். அதற்குச் சில ஆண்டுகள் கழிவதற்குள்ளாகவே, 1850களின் நடுவில், மழை பொய்த்து நகரில் கடும் நீர்ப்பஞ்சம் உண்டாயிற்று. நகரிலிருந்த கால்நடைகளை மாஹிமுக்கு அப்புறப்படுத்தினர். வெளியிலிருந்து நீர் கொணர்ந்து வறண்ட கிணறுகளில் ஊற்றினர். ரயில் வண்டிகளும் அப்பணியில் ஈடுபட்டன. நீரை வண்டியேற்றிச் செல்லும் வேலை ரயில்வேக்குப் பிறவிக் கடமை போலும்! இதனைப் பின்னரும் காண்போம்.

விஹார் முதல் தான்சா வரை

இப்பஞ்சமே நகர ஆட்சியினரின் கண்களைத் திறந்தது. ஹென்றி கோனிபேர் என்ற பொறியாளர் வகுத்த திட்டத்தின்படி, சால்செட் தீவில் மீட்டி ஆற்றின் தலைப்பகுதியில் அணை கட்டி விஹார் ஏரியை உண்டாக்கத் தொடங்கினர். 1856இல் தொடங்கிய வேலை 1860இல் நிறைவெய்தியது. இரும்புக் குழாய் வழியே நகருக்கு நீர் வந்தது. ஏரி நீர் குழாயில் வருவது அக்கால மக்களுக்கு எத்தகைய விந்தையாக இருந்திருக்கும் என்பதை நாம் எண்ணிப் பார்க்கலாம்.

ஆயினும் அந்த விந்தையின் இன்பம் நெடுநாள் நீடிக்கவில்லை. அமெரிக்க உள்நாட்டுப் போரின் காரணமாகப் பருத்தி வாணிகம் பெருகி, பம்பாயில் பொன்மழை பொழிந்த காலம் அது. 1864ஆம் ஆண்டுக் குடிக்கணக்கில் நகர மக்கள் தொகை 8,16,562 என்று காணப்பட்டது. ஏரி வெட்டி நான்கு ஆண்டுகளுக்குள் அந்நீர் போதாது என்ற குரல் எழுந்துவிட்டது. 1879இல் துளசி ஏரி வந்தது. அதுவும் போதவில்லை. பின்னர்த் தீவின் எல்லையைக் கடந்து, சுமார் நூறு கிலோமீட்டர் தொலைவில் உள்ள தான்சா ஆற்றை நாடினர். அங்கே கட்டப்பட்ட நீண்ட கல்லணை 1892இல் திறக்கப்பட்டது. மேட்டிலிருந்து பள்ளத்துக்கு ஓடும் இயல்பினாலேயே, இயந்திரத்தின் உதவியின்றி, தான்சா நீர் நகரை வந்தடைந்தது. அவ்வணையும் பின்னர் ஒன்றுக்கு மேற்பட்ட முறை உயர்த்தப்பட்டது.

இவ்வரலாற்றில் ஒரு தாளம் உண்டு என்பதை அன்பர்கள் கவனிக்க வேண்டும். பஞ்சம் வரும், குழு அமைப்பார்கள், அணை கட்டுவார்கள், 'இனி அரை நூற்றாண்டுக்குக் கவலையில்லை' என்பார்கள், அணையின் சுண்ணாம்பு உலர்வதற்குள் மக்கள் பெருகி, மறுபடியும் பற்றாக்குறை வரும், அடுத்த ஆற்றை நோக்கி நகரம் கை நீட்டும். நூற்றறுபது ஆண்டுகளாக இத்தாளம் மாறவில்லை.

இன்னொன்றும் கவனிக்கத் தக்கது. நகருக்கு முதற்குடிநீர் ஈந்த மீட்டி ஆற்றின் கதி என்ன? தலையில் விஹார் நிற்க, உடல் முழுதும் ஆலைக்கழிவும் சாக்கடையும் சேர்ந்து, குர்லாவையும் தாராவியையும் ஒட்டிக் கருநிறமாக ஓடுகிறது. 2005ஆம் ஆண்டு ஜூலை 26ஆம் நாள் ஒரே நாளில் சாந்தாகுரூஸில் 944 மில்லிமீட்டர் மழை கொட்டியபோது, ஒடுக்கப்பட்ட அவ்வாறு தன் பழைய இடத்தை எல்லாம் மீட்டுக்கொண்டது. அன்றிரவு அலுவலகத்திலும் ஸ்டேஷனிலும் ரயில் பெட்டியிலும் இரவைக் கழித்தோர் நம்மிடையே பலர் உளர். தாயின் பாலை உண்டபின் தாயை மறந்த பிள்ளையின் கதை இது.

கிழக்கே போகவேண்டிய நீர் மேற்கே வந்த கதை

இனிச் சொல்லப்போவது பலருக்குப் புதுமையாக இருக்கலாம். லோணாவளாவின் மலைமுகட்டில் பெய்யும் மழை, இயற்கையின்படி கிழக்கு நோக்கி ஓடிப் பீமா நதியில் கலந்து, பண்டரிபுரத்தையும் சோலாப்பூர்ச் சீமையையும் கடந்து, கிருஷ்ணையோடு கூடி, வங்கக் கடலை அடைய வேண்டியதாகும். மலைமீது நீரைத் தடுத்து மேற்குப் பக்கமாகக் கீழே விழச் செய்தால் அவ்வீழ்ச்சியின் விசையில் மின்சாரம் எடுக்கலாம் என்பது ஜாம்ஷெட்ஜி டாட்டா கண்ட கனவு. அவர் மறைந்தபின் அவர் மைந்தர்கள் அதை நிறைவேற்றினர். 1915இல் கோபோலியிலும், 1922இல் பிவ்புரியிலும், 1927இல் பீராவிலும் மின்நிலையங்கள் இயங்கத் தொடங்கின. பம்பாயின் பஞ்சாலைகள் அம்மின்சாரத்தில் ஓடின. 1925 பிப்ரவரி 3ஆம் நாள் முதல் மின்சார ரயில் பம்பாயில் ஓடத் தொடங்கிய பின்னர், ரயில்களுக்கும் அம்மின்சாரம் பயன்பட்டது.

இதற்கு விலை கொடுத்தவர் யார்? முல்ஷிப் பள்ளத்தாக்கின் மாவளர் குடியினர். தலைமுறை தலைமுறையாக உழுது வந்த நெல்வயல்கள் நீரில் மூழ்கப்போவதை அறிந்து, 1921இல் அவர்கள் சத்தியாக்கிரகம் தொடங்கினர். பாண்டுரங்க மஹாதேவ பாபட் முன்னின்று நடத்தினார். 'சேனாபதி' என்ற பட்டம் அவருக்கு அப்போராட்டத்தில் கிடைத்ததே. மூன்றாண்டுகள் அவர்கள் போராடியும் அணை எழுந்தது, வயல்கள் மூழ்கின. அணைக்கு எதிராக உலகில் எழுந்த முதற் கிளர்ச்சிகளுள் ஒன்று என்று அறிஞர் இதனைக் கூறுவர்.

ரயில்வேயின் பங்கையும் மறைத்தல் ஆகாது. லோணாவளாவுக்கு உல்லாசப் பயணம் செல்லும் நம் இளைஞர்கள் மழைக்காலத்தில் கால் நனைக்கும் பூஷி அணை, பழைய ஜி. ஐ. பி. ரயில்வே தன் நீராவி எஞ்சின்களுக்காகக் கட்டியதே. எஞ்சினுக்கும் தாகம் உண்டு. ஆலைக்கும் தாகம் உண்டு. விளக்குக்கும் தாகம் உண்டு என்பதை அக்காலமே உணர்த்திவிட்டது.

மின்சாரம் எடுத்தபின் அந்நீர் என்னவாகிறது என்பதே இதில் சிறப்பான செய்தி. பிவ்புரியில் விழும் நீர் உல்லாஸ் நதியிற் சேர்கிறது. கோபோலியில் விழும் நீர் பாதாளகங்கையிற் சேர்கிறது. கோடையில் உல்லாஸ் நதி வற்றாமல் இருப்பது பெரிதும் அந்நீரினாலேயே. பத்லாபூர், உல்லாஸ்நகர், கல்யாண், டோம்பிவலி ஆகிய ஊர்களில் வாழும் நம் தமிழ்க் குடும்பங்கள் குடிப்பதில் பெரும்பங்கு, உண்மையில் கிழக்கே பீமாவுக்குப் போயிருக்கவேண்டிய நீராகும். கிருஷ்ணா நதிநீர்த் தீர்ப்பாயம், பச்சாவத் அவர்களின் தலைமையில் 1970களில் வழங்கிய தீர்ப்பில், இவ்வாறு மேற்கே திருப்பப்படும் நீருக்கு ஆண்டுக்குச் சராசரி 42 டி. எம். சி. அளவு இடம் தந்தது. அதாவது சுமார் 1,18,900 கோடி லிட்டர். மும்பைக்கு நீர் தரும் ஏழு ஏரிகளும் நிரம்பினால் கொள்ளும் மொத்த நீரில் இது ஐந்தில் நான்கு பங்குக்குச் சமம்.

சோலாப்பூர்ச் சீமையோ வானம் பார்த்த பூமி. பஞ்சம் வரும்போதெல்லாம், 'எங்கள் நீரை எங்களுக்கே திருப்பி விடுங்கள்' என்று அவர்கள் கேட்கின்றனர். அவர்கள் கேட்பது நியாயம். கல்யாணில் குழாய் வற்றக்கூடாது என்பதும் நியாயம். நியாயத்துக்கும் அநியாயத்துக்கும் நடக்கும் வழக்கில் தீர்ப்புச் சொல்வது எளிது. இரண்டு நியாயங்களுக்கு இடையே நடக்கும் வழக்கே கடினமானது. நீர் வழக்குகள் பெரும்பாலும் இவ்வகையினவே.

வைதரணையும் பாத்சாவும்

நாடு விடுதலை பெற்றபின் நகரம் மேலும் வீங்கியது. வைதரணை ஆற்றில் கட்டப்பட்ட அணை 1957இல் நிறைவேறியது. அதனை வகுத்த நகரப் பொறியாளர் மோடக் அவர்களின் பெயரால் அவ்வேரி 'மோடக் சாகர்' எனப்பட்டது. 1973இல் நாசிக் மாவட்டத்தில் மேல் வைதரணை அணை வந்தது. அதன் நீர் முதலில் மின்சாரம் தந்துவிட்டுப் பிறகு மோடக் சாகரை அடைகிறது. 1980களில் ஷாஹாபூர் தாலுகாவின் பாத்சா அணையிலிருந்து நீர் எடுக்கத் தொடங்கினர். 2014இல், 102 மீட்டர் உயரமுள்ள நடு வைதரணை அணை சேர்ந்துகொண்டது. அதிலிருந்து நாளொன்றுக்கு 45 கோடியே 50 லட்சம் லிட்டர் கிடைக்கிறது.

இப்போது கணக்கைக் கூட்டிப் பார்ப்போம். துளசி, விஹார், தான்சா, மோடக் சாகர், மேல் வைதரணை, நடு வைதரணை, பாத்சா ஆகிய ஏழும் விளிம்பு வரை நிரம்பினால் மாநகருக்குரிய இருப்பு சுமார் 1,44,700 கோடி லிட்டர். இதில் பாதியளவு, 71,700 கோடி லிட்டர், பாத்சா ஒன்றிலேயே உள்ளது. நகர எல்லைக்குள் இருக்கும் துளசியும் விஹாரும் சேர்ந்து நூற்றுக்கு இரண்டரைப் பங்குதான். எஞ்சியவை யாவும் வெளியாரின் மண்ணிலிருந்து வருவன. நாள்தோறும் மாநகருக்கு அனுப்பப்படுவது சுமார் 390 கோடி லிட்டர். ஓராண்டுக்குப் பெருக்கினால் 1,42,000 கோடிக்கு மேல் ஆகிறது. கையிருப்பும் ஓராண்டுச் செலவும் ஏறக்குறைய ஒன்றே! சேமிப்பு என்று சொல்லத் தக்கது ஏதுமில்லை. முதல் தேதி சம்பளம் வாங்கி முப்பதாம் தேதி பையைத் தடவிப் பார்க்கும் நம் போன்ற குமாஸ்தாக்களின் குடும்பத்தைப் போலவே இம்மாபெரும் நகரமும் வாழ்கிறது. சம்பளம் ஒருவாரம் தாமதித்தால் நம் வீட்டில் என்ன நிகழுமோ, பருவமழை இரண்டு வாரம் தாமதித்தால் மும்பையில் அதுவே நிகழ்கிறது. 2024 ஜூனில் நாம் கண்டதும் அதுவே.

பங்காளிகள்

அலுவல் நிமித்தமாகக் கசாரா வழியே நாம் பலமுறை சென்றுள்ளோம். ஆசன்காவ் தாண்டி ஆட்காவ், கர்டி என்று வண்டி மலையடிவாரத்தை நெருங்கும் அப்பகுதியே ஷாஹாபூர் தாலுகா. தான்சா, மோடக் சாகர், பாத்சா, நடு வைதரணை என எல்லாம் அச்சுற்றுவட்டாரத்தில்தான் உள்ளன. ஆயினும் ஏப்ரல், மே மாதங்களில் அத்தாலுகாவின் ஆதிவாசிப் பாடாக்கள் பலவற்றுக்கு லாரியில்தான் தண்ணீர் வருகிறது. ஆள் நுழையும் அளவு பருமனான குழாய்கள் மாநகரை நோக்கிச் செல்ல, அவற்றின் ஓரமாகவே பெண்கள் தலையில் குடத்தின்மேல் குடம் அடுக்கிக்கொண்டு நடந்து செல்வதை வண்டியிலிருந்தே காணலாம்.

ஒருமுறை மே மாதத்தில், சிறிய ஸ்டேஷன் ஒன்றில் மூதாட்டி ஒருவர் இரண்டு வெற்று டப்பாக்களோடு நம் பெட்டியில் ஏறினார். அடுத்த ஸ்டேஷனில் நீர் பிடித்துக்கொண்டு எதிர்வண்டியில் திரும்பப் போவதாக மராத்தியில் கூறினார். நாம் மும்பையில் இருப்பவர் என்று அறிந்ததும், "அங்கே நல்ல தண்ணீர் வருகிறதா, பாவூ?" என்று கேட்டார். அக்கேள்வியில் பொறாமையோ சினமோ துளியும் இல்லை. கட்டிக்கொடுத்த மகள் புக்ககத்தில் நலமா என்று விசாரிக்கும் தாயின் குரலே அதில் ஒலித்தது. 'வருகிறது, ஆயி' என்று விடை சொல்லும்போது நம் தலை தாமே கவிழ்ந்தது. ஷாஹாபூர்க் கிராமங்களுக்கென்று பாவலி அணையிலிருந்து நீர் கொணரும் திட்டம் வகுக்கப்பட்டுள்ளது. அது விரைவில் முழுப்பயன் தருமாக!

நீருக்குப் பங்காளிகள் இவர்கள் மட்டுமல்லர். பாத்சா முதற்கண் பாசனத்தையும் கருதி எழுந்த அணை. பார்வி அணை தொழிற்பேட்டைகளுக்கென்று அமைக்கப்பட்டது. இன்று அதனையே பல நகரங்களும் நம்பி நிற்கின்றன. நவி மும்பைக்கு மோர்பே அணை உண்டு. பால்கர் மாவட்டத்தில் சூர்யா ஆற்றின் தாமணி அணை ஆதிவாசி உழவர்களின் வயல்களுக்கென்று வகுக்கப்பட்டது. பிறகு வசாய்-விராரும் மீரா-பாயந்தரும் வளர்ந்தன. அந்நீரின் பெரும்பங்கு நகரங்களுக்கு ஒதுக்கப்பட்டது. உழவர் எதிர்த்துக் குரல் கொடுத்தனர். நகரத்தாருக்குக் குடிநீர் வேண்டாவென்று எவர் சொல்ல வல்லார்? உழவனுக்கு வாக்களித்த நீரைப் பறிப்பது முறையென்றுதான் எவர் சொல்ல வல்லார்?

அரசின் கொள்கையும் இவ்விடத்தில் தடுமாறியதுண்டு. குடிநீருக்கே முதலிடம் என்பதில் எக்காலத்தும் ஐயமில்லை. 1987ஆம் ஆண்டுத் தேசிய நீர்க்கொள்கையும் அதனையே கூறிற்று. இரண்டாம் இடம் யாருக்கு என்பதிலேதான் சிக்கல். மஹாராஷ்டிர அரசின் 2003ஆம் ஆண்டுக் கொள்கை தொழிலை உழவுக்கு முன் வைத்தது. எதிர்ப்பு வலுத்தமையால் 2011இல் உழவு மீண்டும் முன்னே வைக்கப்பட்டது. ஏட்டில் ஒரு வரி இடம் மாறுவது எளிது. அவ்வரியினால் எத்தனை வயல்கள் விளைவதும் காய்வதும் ஆகின்றன என்பதை எண்ணினால் அதன் கனம் விளங்கும்.

இனி வரும் நாள்

நகரம் தனித்து வாழ இயலாது. சுற்றுப்புறம் முழுவதற்கும் சேர்த்தே திட்டமிட வேண்டும் என்ற ஞானம் 1960களிலேயே பிறந்துவிட்டது. 1967இல் பம்பாய் பெருநகர வட்டாரத் திட்டக் குழு அமைந்தது. அது வகுத்த திட்டம் 1973இல் ஏற்கப்பட்டது. 1975இல் பெருநகர வட்டார வளர்ச்சி ஆணையம் தோன்றியது. நீரைக் குறித்து ஆராய 1990களில் மாதவ சித்தலே அவர்களின் தலைமையில் நிபுணர் குழு அமைந்து, நடு வைதரணை, கார்காயி, பிஞ்சால் முதலிய ஊற்றுகளைச் சுட்டிக்காட்டியது. அவற்றுள் நடு வைதரணை மட்டுமே நிறைவெய்தியுள்ளது. கார்காயி அணையால் நாளுக்கு 44 கோடி லிட்டரும் பிஞ்சால் அணையால் 86 கோடியே 50 லட்சம் லிட்டரும் கிடைக்கும் என்று மதிப்பிடுகின்றனர். ஆனால் லட்சக்கணக்கான மரங்களும் ஆதிவாசி ஊர்களும் அவற்றுக்கு விலையாக வேண்டும். குஜராத்தின் எல்லையில் தமணகங்கை நீரைத் தடுத்துப் பிஞ்சாலுக்குக் கொணரும் இணைப்புத் திட்டத்துக்காக 2010இல் மத்திய அரசும் இரு மாநிலங்களும் உடன்படிக்கை செய்துகொண்டன. ஜவ்ஹார், மோகாடா மக்கள் தங்கள் நிலத்தை எண்ணி அஞ்சுகின்றனர்.

வேறு வழி இல்லையா? உண்டு. மனோரியில் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையம் அமைக்க மாநகராட்சி முனைந்துள்ளது. முதலில் நாளுக்கு 20 கோடி லிட்டர் எடுப்பது அதன் நோக்கம். கழிவுநீரைச் சுத்திகரிக்க ஏழு பெரிய நிலையங்களுக்கு 2023 ஜனவரியில் அடிக்கல் நாட்டப்பட்டது. சுத்திகரித்த நீரை ஆலைகளுக்கும் தோட்டங்களுக்கும் கொடுத்துவிட்டால் அந்த அளவு நல்ல நீர் மிச்சமாகும். ரயில்வேயிலும் பெட்டிகள் கழுவிய நீரைத் தூய்மை செய்து மீண்டும் பயன்படுத்தும் நிலையங்கள் பல இடங்களில் வந்துவிட்டன. பழங்குழாய்களின் வெடிப்பில் ஒழுகி வீணாகும் நீரோ ஒரு சிற்றாறு போன்றது. புதிய அணைக்கு முன், ஒழுகும் குழாயை அடைப்பதே அறிவுடைமை. ஓட்டைப் பானையில் நீர் ஊற்றிக்கொண்டு, கிணறு ஆழமில்லை என்று குறைகூறுவது யாருக்கும் அழகன்று.

இவ்வரலாற்றைப் படித்து நாம் தெளிந்தவை மூன்று. எத்திட்டமாயினும் நீர் எங்கே பிறக்கிறதோ அவ்வூர் மக்கள் முதலில் குடிக்க வேண்டும். ஒருவருக்கு வாக்களித்த நீரை மற்றொருவருக்குத் தருமுன் அவரைக் கேட்டு, ஈடும் செய்ய வேண்டும். பஞ்சம் வந்தபின் ஓடாமல், மழை நன்றாகப் பெய்யும் ஆண்டிலேயே அடுத்த முப்பது ஆண்டுக்குக் கணக்குப் போட வேண்டும். இவை பெரிய தத்துவங்கள் அல்ல. நான்கு குழந்தைகள் உள்ள வீட்டில் ஒரு தாய் சோற்றைப் பங்கிடும் முறையே இது.

நாம் பட்ட கடன்

இறுதியாக, தமிழராகிய நாம் அறிந்திருக்க வேண்டிய ஒரு செய்தி உண்டு. நம் சென்னை மாநகரும் தாகத்துக்குப் பெயர்போனது. 2019ஆம் ஆண்டில் அங்கே ஏரிகள் யாவும் வறண்டு, ஜூலை 12ஆம் நாள் ஜோலார்பேட்டையிலிருந்து ஐம்பது வாகன்களில் 25 லட்சம் லிட்டர் நீர் ரயிலேறி வில்லிவாக்கம் வந்து சேர்ந்தது. அதற்கு மூன்றாண்டுகளுக்கு முன், 2016 ஏப்ரலில், இதே மஹாராஷ்டிரத்தில் மிரஜிலிருந்து லாத்தூருக்கு நீர் ரயில்கள் ஓடின. 1850களில் பம்பாய்க்கு நீர் சுமந்த ரயில் இன்றும் ஓய்வு பெறவில்லை. ரயில்வேத் தொழிலாளர் என்ற வகையில் நமக்கு இது பெருமை. ஆனால் ஒரு நாட்டில் ரயில் நீர் சுமக்க நேர்வது பெருமைக்குரியதன்று.

அதற்கு வெகுநாள் முன்பே, 1976இல், சென்னையின் தாகத்தைத் தீர்க்க ஓர் உடன்படிக்கை உருவாயிற்று. கிருஷ்ணா நதியில் தங்களுக்குரிய பங்கிலிருந்து மஹாராஷ்டிரம் 5 டி. எம். சி., கர்நாடகம் 5 டி. எம். சி., ஆந்திரம் 5 டி. எம். சி. என ஆளுக்குச் சரிசமமாக விட்டுக்கொடுத்தன. 1983இல் ஆந்திரத்துடன் தெலுங்கு கங்கை ஒப்பந்தம் கையெழுத்தாகி, 1996இல் கிருஷ்ணா நீர் பூண்டி ஏரியை அடைந்தது. வானம் பார்த்த தன் பூமியின் தாகம் தீராத நிலையிலும் இம்மண், கடலோரத்தில் எங்கோ உள்ள நம் தாய்நகருக்குத் தன் பங்கிலிருந்து நீர் ஈந்தது. நதிநீர் என்றாலே வழக்கும் வசையும் என்று செய்தித்தாள்களில் படித்துப் பழகிய நமக்கு, இப்படியும் நடந்தது என்பது ஆறுதல் தருவதாகும்.

ஓய்வுபெற்ற பெரியவர் அன்று கேட்ட வினாவுக்கு இப்போது விடை சொல்லலாம். இந்த நீர் ஷாஹாபூர் மூதாட்டியின் நீர். முல்ஷி மாவளரின் வயல் கிடந்த நீர். சோலாப்பூர் உழவன் எதிர்நோக்கும் நீர். நாம் அதனைக் கடனாகப் பெற்றுப் பருகுகிறோம். வட்டி கட்ட வழியில்லாத போதும், முதலையாவது வீணாக்காதிருப்பது கடன்பட்டவர் கடமை.

நம் சங்கத்தின் இவ்வாண்டு விழாவை ஒட்டி, மாடித்தொட்டி நிரம்பி வழிவதைத் தடுக்க ஒவ்வொரு கட்டிடத்துக்கும் ஒருவர் பொறுப்பேற்பது என்றும், ஒழுகும் குழாய்களைப் பட்டியலிட்டு உரிய அலுவலருக்கு எழுதுவது என்றும், லாரி வரும் நாளில் முதியோரும் கைக்குழந்தையும் உள்ள வீடுகளுக்கு முதலில் நீர் விடுவது என்றும் குடும்பங்கள் கூடி முடிவு செய்தால், அன்றைய மனவேறுபாடும் ஒரு நன்மைக்கே என்று மகிழலாம். பட்டியல் எழுதும் பணியை நாம் ஏற்றுக்கொள்கிறோம். கணக்கெழுதுவது நமக்குப் பழகிய தொழில்தானே!